வெள்ளைத் துணியின் வலப்பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணித ஆசிரியை. பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்களுக்கு எப்போதும் அமாவாசை, எப்போதும் நடுச்சாமம், எப்போதும் ஆளில்லாத ஒற்றையடிப் பாதை. எனக்கு நடந்தது பட்டப்பகலில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஒன்பது பேர் இருந்த இடத்தில். 1998 ஜூலை 15, புதன்கிழமை. பிற்பகல் 3.10க்குத் தொடங்கி 3.52க்கு முடிந்தது. நேரத்தை அன்றைக்கே கொப்பியில் குறித்து வைத்தேன். நெகட்டிவும் என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. லுணுகலையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, அது விடுகிற இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே இருபத்தைந்து நிமிடம் ஏற வேண்டும். அங்கேதான் எனக்கு முதல் நியமனம். அப்பா தபால் கந்தோர் வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்தவர். நான் பதுளையிலேயே வளர்ந்தும் என் பேச்சில் யாழ்ப்பாணம் போகவில்லை. வகுப்பில் நான் "ஆர்?" என்று கேட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையில் தங்குவேன்.

அந்த வருடம் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏழு பேர். பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஏழு பேரிடமும் அட்டை இல்லை. விண்ணப்பங்களை ஜூலை 20ஆம் தேதி, திங்கட்கிழமை, பதுளையில் கொடுத்துவிட வேண்டும். அட்டைக்குப் படம் வேண்டும். படம் எடுக்கப் பதுளைக்குப் போக வேண்டும். பதுளைக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அட்டை கேட்பார்கள். அந்த யுத்த நாட்களில் அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளையை இறக்கி வைத்தால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெற்றவர்கள் அனுப்பவே மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், நான் அவ்வளவு மெனக்கெட்டது ஒருத்திக்காக. சிவசக்தி. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவாள். சிறிய உருவம். பதினெட்டு வயது என்று பிறப்புச் சான்றிதழ் சொன்னது, பார்த்தால் பதினைந்து என்றுதான் சொல்லலாம். இந்த முறை பரீட்சை எழுதாவிட்டால் ஜனவரியில் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக்கு அனுப்பிவிடுவதாக அவளுடைய அம்மா அங்கம்மா என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். அது நடக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

என்னிடம் ஒரு கமரா இருந்தது. ஜேர்மனியில் அகதியாக இருந்த அண்ணன் கஜரூபன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியது. ஜேர்மன் கமரா என்று கேட்டதும் தோட்டமே மிரண்டுவிட்டது. அது உடுப்பைத் தாண்டி எலும்பையும் எடுக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அண்ணன் எழுதிய கடிதம் எனக்குத்தானே தெரியும். "விஜிதா, இது இங்கே சுப்பர் மார்க்கெட்டில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற சாமான். பெரிதாக நினையாதே. வெயிலில் வைத்து அமத்து, படம் வரும்."

கையில் பிடித்தால் பாரமே இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. தூரத்தைச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. மேலே ஒரு சின்ன விசை. அதில் மூன்று படம்: சூரியன், மேகம், மின்னல். ஒவ்வொரு முறையும் பெருவிரலால் சில்லைத் தள்ளி பிலிமை நகர்த்த வேண்டும், கிர்ர்… கிர்ர்… டக். அதில் ஒரு குறை இருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கிற துளையில் தெரிவதைவிட, படத்தில் நாலு பக்கமும் கொஞ்சம் கூடவே விழும். துளையில் தெரியாத ஆள் படத்தின் ஓரத்தில் வந்து நிற்பார். வீட்டுப் படங்களில் அதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம்.

பதுளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷுக்ரி நானாவிடம் முன்கூட்டியே கேட்டேன். "முகம் தெளிவா, பின்னால வெள்ளையா எடுத்துட்டு வாங்க டீச்சர், மிச்சத்த நான் வெட்டிச் சரிபண்ணித் தாறேன்," என்று சொல்லிக் கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றும் போட்டுத் தந்தார்.

பள்ளிக்கூடச் சுவர் பாதி பச்சை, பாதி புகைக் கறுப்பு. வெள்ளைப் பின்னணிக்கு என் கட்டில் விரிப்பைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மணியடித்துக் கூட்டித் துப்புரவு செய்கிற அழகையாவிடம் சொன்னேன்: இரண்டு பேர் துணிக்குப் பின்னால் நின்று, இரண்டு மூலையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"ஒரு பக்கம் நான் புடிச்சுக்கிறேங்க. மத்தப் பக்கம் ஒரு புள்ளய நிப்பாட்டுனா சரி," என்றார்.

நான் அறைக்குப் போய் கமராவையும் பெயர்ப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வந்தேன். மணி 3.10. துணி அதற்குள் தூக்கியாகிவிட்டது. இடப்பக்கம் அழகையாவின் காய்ந்த விரல்கள் மேல் விளிம்பைப் பற்றியிருந்தன. கீழே அவருடைய ரப்பர் செருப்பு தெரிந்தது. வலப்பக்கமும் யாரோ பிடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் புல் உயரம், கால் தெரியவில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. யாராவது ஒரு பிள்ளையாக இருக்கும். வேறு யாராக இருக்கப் போகிறது?

துணிக்கு முன்னால் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன வாங்கைப் போட்டோம். பள்ளிக்கூடப் படியில் காத்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் நிஷாந்த். வாங்கின் நடுவில் வந்து இருந்தான். "வாயை மூடு, மூச்சை விடு," என்றேன். டிக். அடுத்தவள். டிக்.

ஜூலை மாதம் அந்தப் பக்கம் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று ஊவா மாகாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கூரைத் தகரத்தையே அடித்துக்கொண்டு போகும். அழகையாவின் மூலை ஒவ்வொரு காற்றுக்கும் சரிந்தது. "தூக்கிப் பிடியுங்கோ, அழகையா. பின்னால தேயிலை தெரியுது," என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

வலப்பக்க மூலை அசையவில்லை.

நாலாவது ஆளை எடுக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். துணி நடுவில் படபடவென்று அடிக்கிறது, இடப்பக்கம் ஆடுகிறது, வலப்பக்க மூலை மட்டும் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. அரை மணித்தியாலமாகக் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிற பிள்ளைக்குக் கை வலிக்காதா? மனதுக்குள் மெச்சினேன். வாயாலும் சொன்னேன்.

"வலப்பக்கம் பிடிக்கிற பிள்ளை கெட்டிக்காரி. அழகையா, பார்த்துப் பழகுங்கோ."

எங்கள் பிள்ளைகளைப் பாராட்டினால் உடனே ஒரு சிரிப்பு வரும். துணிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஆறாவது படம் முடிந்தது. கிர்ர்… கிர்ர்… டக். மணி 3.48. பட்டியலில் ஒரு பெயர்தான் மிச்சம். நிமிர்ந்து கூப்பிட்டேன்.

"சிவசக்தி."

வலப்பக்க மூலை விழுந்தது.

காற்று இழுத்து விழவில்லை. பிடித்திருந்த ஆள் கையை எடுத்துவிட்டது போல, நேராகக் கீழே விழுந்தது. பின்னால் புல்லும் தேயிலையும்தான் தெரிந்தன. ஆள் இல்லை.

"என்ன பிள்ளை, கடைசி நேரத்தில விட்டிட்டு ஓடுறியே?" என்று சத்தம் போட்டேன். இதற்குள் சிவசக்தி படியிலிருந்து எழுந்து வந்து வாங்கில் இருந்தாள். நான் குனிந்து கமராவில் எத்தனையாவது படம் என்று பார்த்தேன். ஏழு. நிமிர்ந்தேன்.

துணி மறுபடியும் தூக்கியாகிவிட்டது.

வலப்பக்க மூலை, முன்பு நின்ற அதே உயரத்தில்.

எனக்கு எண்ணுவதுதான் தொழில். எண்ணினேன். பள்ளிக்கூடப் படியில் ஆறு பேர். வாங்கில் சிவசக்தி. ஏழு. இந்த ஏழு பேரும் தொடக்கத்திலிருந்தே என் கண் முன்னால்தான் இருக்கிறார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் 2 மணிக்கே போய்விட்டார்கள்.

"ஆர் பிள்ளைகள், துணிக்குப் பின்னால நிக்கிறது?"

இந்த முறை "ஆர்" என்றதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

"அழகையா மாமா மட்டுந்தாங்க டீச்சர்," என்றான் நிஷாந்த்.

"மற்றப் பக்கம்?"

துணிக்குப் பின்னாலிருந்து அழகையாவின் குரல் வந்தது.

"ஒரு புள்ள நிக்குதுங்களே."

"ஆரை நிப்பாட்டினீங்கள்?"

"நான் யாரையும் கூப்புடலீங்க. நான் வரும்போதே நின்னுச்சு. யூனிபோம் போட்டிருக்கு. நம்ம புள்ளதானே?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே கமராவைப் போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஒரு படம் மிச்சம். அதுவும் சிவசக்தியின் படம். நாளை காலை ரோலைப் பதுளைக்குக் கொண்டுபோனால்தான் உண்டு.

"சிவசக்தி, நீ அசையாமல் இரு. நான் பின்னால பார்த்திட்டு—"

மூலை விழுந்தது.

அழகையா ஒரு கையில் துணியோடு, வலப்பக்கம் பார்த்தபடி நின்றார்.

"இப்பத்தான் கைய விட்டுச்சுங்க… உங்க பக்கந்தான் வருது."

காற்று நின்றது.

சரக்…

காய்ந்த புல்லில் காலடி.

சரக்… சரக்…

வாங்கை நோக்கி வந்தது. ஆள் இல்லை. எனக்குச் சத்தம் மட்டும்.

பிறகு அதுவும் நின்றது.

சிவசக்தி வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"ஏன் பிள்ளை தள்ளி இருக்கிறாய்? நடுவில இரு."

"இடம் பத்தலீங்க டீச்சர்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு நகர்கிறவர்கள் சொல்வதுபோல. சொன்ன பிறகுதான் தன் பக்கத்தில் பார்த்தாள்.

அவள் முகம் வெளுத்தது.

என் விரல் அமத்திவிட்டது. டிக்.

வாங்கு அவள் இருந்த பக்கமாகச் சாய்ந்தது. அவள் கீழே விழுந்தாள். மற்ற நுனியில் இருந்த ஆள் திடீரென்று எழுந்தால் சாய்வது போலச் சாய்ந்தது.

மணி 3.52.

யார் முதலில் ஓடியது என்று தெரியாது. நான் கடைசி இல்லை.

அன்றிரவு அறையில் தனியாகப் படுக்கத் துணிவில்லாமல் அதிபரின் வீட்டில் தங்கினேன். பல்லி விழுந்தது என்று ஏதோ பொய் சொன்னேன். மறுநாள் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய் ரோலை ஷுக்ரி நானாவிடம் கொடுத்தேன். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. கடை வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். 11.40க்கு ஈரம் காயாத படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

"ஆறும் நல்லா வந்திருக்கு டீச்சர். ஓரத்துல கொஞ்சம் கூட விழுந்திருக்கு, அத வெட்டிடலாம். இந்தப் பக்கம் துணி புடிச்ச புள்ள யாரு? கை கொஞ்சமும் ஆடல்ல. அந்தக் கிழவர்ட பக்கந்தான் ஆடியிருக்கு."

பார்த்தேன். துளையில் எனக்குத் தெரியாத ஓரம் படத்தில் விழுந்திருந்தது. ஆறு படத்திலும், வலது மேல் மூலையில், துணியின் விளிம்பைப் பற்றிய நாலு விரல்கள். நீளமான, இளம்பெண்ணின் விரல்கள். நகங்கள் வெட்டியிருந்தன. ஒரு படத்தில் ஒரு மணிக்கட்டும் கொஞ்சம் தெரிந்தது. அழகையா கையைத் தூக்கிப் பிடித்த உயரத்தைவிட அந்தக் கை கொஞ்சம் மேலே இருந்தது.

ஏழாவது படத்தில் சிவசக்தி வாங்கின் நுனியில், தலை பாதி வெட்டுப்பட்டு, வாய் திறந்தபடி. பின்னால் தேயிலை. வாங்கின் மற்றப் பாதி காலி. கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒன்றுமே இல்லை. ஏதாவது தெரிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"இது அட்டைக்கு உதவாது. இந்தப் புள்ளய மட்டும் திரும்ப எடுத்துட்டு வாங்க," என்று சொல்லி ஷுக்ரி நானா இன்னொரு ரோல் போட்டுத் தந்தார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு பிள்ளைகளின் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஏழாவது பிள்ளையை விட எனக்கு மனம் வரவில்லை. மாலை 5.20க்கு அழகையாவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அங்கம்மா அப்போதுதான் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். சிவசக்தி தண்ணீருக்குப் போயிருந்தாள்.

நடந்ததை நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. அங்கம்மா இடையில் கேட்டார்.

"பேரச் சொல்லிக் கூப்புட்டீங்களா டீச்சர்?"

"ஓம். பெயர் சொல்லாமல் எப்படிக் கூப்பிடுறது?"

"நாங்க வீட்டுல அந்தப் பேரச் சொல்றதில்லீங்க."

அப்போதுதான் சொன்னார். சிவசக்தி என்பது அவருடைய மூத்த மகளின் பெயர். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டது. தேயிலை மலையின் மேல் பக்கத்தில் புதைத்தார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது பதிவுக்குப் போக யாரும் இல்லை, அங்கம்மாவின் புருஷன் படுக்கையில் கிடந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். மூத்தவளுடையது பெட்டியில் இருந்தது. அதையே கொடுத்துவிட்டார்கள்.

தோட்டங்களில் அப்படி நடப்பது உண்டு என்று எனக்கும் தெரியும். கெட்ட எண்ணத்தில் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் போதும் என்பதற்காகச் செய்வது.

"அப்ப இவளின்ர சொந்தப் பெயர் என்ன?"

"இவளுக்குன்னு பேரு வைக்கலீங்க. பாப்பான்னு கூப்புடுவோம்."

"மூத்த பிள்ளையின்ர சாவைப் பதியேல்லையா?"

"இல்லீங்க."

அரசாங்கத்தின் கணக்கில் அந்தக் குழந்தை சாகவே இல்லை. வருடத்துக்கு ஒரு வயது கூடி, வகுப்பேறி, அந்த வருடம் பதினெட்டு ஆகியிருந்தது. நான் பையிலிருந்து படத்தை எடுத்து விரல்களைக் காட்டினேன்.

"அங்கம்மா, செத்தது ஒன்றரை வயதுக் குழந்தை. இது பெரிய பிள்ளையின்ர கை."

அவர் படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பயப்படவில்லை. தன் பிள்ளையின் படத்தை ஒரு தாய் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தார். பெருவிரலால் அந்த விரல்களை ஒரு தரம் தடவினார்.

"பதினோரு வருசமா ஸ்கூல்ல தெனமும் அவ பேரத்தானே வாசிச்சீங்க டீச்சர். வளந்துட்டா. இப்ப இவளவிட ஒரு சாண் உயரம்."

சிவசக்தி குடத்தோடு வந்தாள். வேறு எப்படி அவளைச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. லயத்து வாசலில் வைத்து எடுத்தோம். இடப்பக்கம் அழகையா, வலப்பக்கம் அங்கம்மா. இரண்டு பேரின் முகமும் எனக்குத் தெரியும்படி துணிக்கு மேலால் எட்டிப் பார்க்கச் சொன்னேன். பெயரை வாயில் எடுக்கவில்லை. "பாப்பா, இங்கே பார்," என்றேன். டிக். இன்னொன்று. டிக். மணி 5.47. துணி விழவில்லை. படம் நன்றாக வந்தது.

இனி நான் செய்த காரியம். உண்மையைச் சொல்லி அந்தப் பிள்ளைக்குப் புதிதாகப் பிறப்பைப் பதிவு செய்யலாம். மாதக்கணக்காகும். பரீட்சை போய்விடும். ஜனவரியில் கொழுந்துக் கூடை. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பலாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் கூடையோடு மலையேறுவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு விண்ணப்பத்தில் அந்தப் பெயரை என் கையாலேயே நிரப்பினேன். திங்கட்கிழமை ஏழையும் கொடுத்தேன்.

அக்டோபரில் அட்டை வந்தது. அவள் பரீட்சை எழுதினாள். கணிதத்தில் விசேட சித்தி. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை ஆனாள். நான் பண்டாரவளைக்கு மாற்றலாகி வந்தேன். நான் செய்தது சரிதான் என்று மூன்று வருடம் நிம்மதியாக இருந்தேன்.

2001 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை காலை 10.30க்கு அவள் என் வீட்டுக்கு வந்தாள். தேர்தல் முடிந்து நாலு நாள். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஓட்டுப் போடத் தோட்டத்துக்குப் போனேங்க டீச்சர். நம்ம ஸ்கூல்லதான். ஏழு மணிக்குக் கதவத் தொறந்தாங்க. நான்தான் வரிசையில மொத ஆளு. எனக்கு முன்னால யாருமே இல்ல."

உள்ளே போனாள். முதல் மேசையில் இருந்தவர் அட்டையைப் பார்த்து, வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கும்படி அவளுடைய இலக்கத்தையும் பெயரையும் உரக்க வாசித்தார். அடுத்த மேசைக்காரர் மை பூச விரலைப் பிடிக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"என்ன சொன்னார்?"

"இப்பத்தானே பூசினேன்னாரு. நான் இல்லைங்கன்னு வெரலக் காட்டினேன். அவரு வெளிய போற கதவப் பாத்தாரு. 'அப்ப ஒங்களோட வந்தாங்களே, ஒசரமா, ஒங்க சாடையில… பேரு வாசிச்சதும் அவங்கதானே முன்னால வந்து கைய நீட்டினாங்க. அக்காவா?'ன்னு கேட்டாரு."

அந்த அக்கா வாக்குச் சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றாராம். கள்ள வோட்டு என்று வெளியே எல்லோரும் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வோட்டுப் போனதற்காக இவ்வளவு தூரம் வந்தாயா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கைப்பையைத் திறந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தாள். மாப்பிள்ளை பெயர் தனேஸ்வரன். பண்டாரவளையில் மரக்கறிக் கடை. பெண்ணின் பெயர் இருக்கிற இடத்தை அவள் விரலால் மறைத்திருந்தாள்.

"தை மாசம் பதிவுங்க டீச்சர். பதிவுக்காரர் எல்லாரு முன்னாலயும் பேர வாசிச்சுத்தான் கையெழுத்து வாங்குவாராமே?"

ஓம் என்றேன். நான் பார்த்த பதிவெல்லாம் அப்படித்தான் நடந்தது.

பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

"மாப்பிள்ளைக்குப் பக்கத்துல பொண்ணு ஒக்கார ஒரு கதிரதான் போடுவாங்க, இல்லீங்களா?"

ஒன்றுதான் போடுவார்கள் என்று சொன்னேன்.